ஈரக் குவியலும் ஒரு ஜோடி பேரிங்கும்



தேனியில் பேரிங் விற்கும் சிறு கடை ஒன்றை அத்தாவிடமிருந்து பெற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். நூற்பாலைகளும் போடியின் ஏலக்காய் தரம் பிரிக்கும் இயந்திரங்களும் கம்பம் பள்ளத்தாக்கின் பம்புசெட்டுகளும்தான் எங்கள் ரிஜ்குக்கு அல்லாஹ் ஏற்படுத்திய வாசல்கள். அந்த வாசலில் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தேன். அதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். ஆற்றோரக் கிணற்றிலிருந்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மல்டிஸ்டேஜ் பம்புக்கு 7307 பி பேரிங் ஒரு ஜோடி கேட்டார்.

வாசகர்களுக்கு இந்தப் பேரிங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நடந்தது விளங்க அது தேவை. சாதாரண பேரிங்கில் குண்டுகள் ஓடும் பள்ளத்தின் இருபுறமும் தோள்கள் ஒரே உயரத்தில் இருக்கும். சுழலும் தண்டின் எடையை அது நன்றாகத் தாங்கும். ஆனால் பல இம்பெல்லர்கள் வரிசையாக நின்று தண்ணீரை மேலே தள்ளும்போது, அந்தத் தண்ணீரே தண்டைத் திருப்பி ஒரு பக்கமாகத் தள்ளும். எடை ஒருபுறம், தள்ளுவிசை ஒருபுறம் என இரண்டையும் ஒருங்கே தாங்கப் பிறந்ததுதான் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங். இதில் ஒரு பக்கத் தோள் உயரமாகவும் மறுபக்கத் தோள் தாழ்வாகவும் இருக்கும். சுமை குண்டின் வழியாகச் சாய்ந்து இறங்கும். 7307 பி என்பதில் 7 இந்த வகையைக் குறிக்கும். இறுதி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் 35 மில்லிமீட்டர், உள்துளையின் அளவு. பி என்பது 40 பாகைச் சாய்வு.

ஒற்றைப் பேரிங் ஒரு திசைத் தள்ளுதலை மட்டுமே தாங்கும். ஆகவே இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்து மாட்டுவார்கள். தோள் பார்த்து மாட்ட வேண்டும். திசை மாறினால் குண்டுகள் தாழ்ந்த தோளின் விளிம்பில் ஏறி ஓடி, சில நாட்களிலேயே எல்லாம் எரிந்துவிடும்.

பெரியவருக்கு நான் கொடுத்த ஜோடி, வெளியூர்த் தரகர் ஒருவர் வழக்கமான விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்துச் சென்ற சரக்கிலிருந்து எடுத்தது. பெட்டி பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியைப் போலவே இருந்தது. ஆனால் வளையத்தில் பொறித்திருந்த எழுத்துகள் நகத்தில் இடறின. மூலச் சரக்கில் அவை மெல்லியனவாய், சீராய் இருக்கும். சரக்கு வந்த அன்றே என் நகம் அதை அறிந்தது. நாவோ ஒன்றும் சொல்லவில்லை. ‘எனக்கு உறுதியாகத் தெரியாதே’ என்று உள்ளத்துக்கு ஒரு சாக்கு கற்பித்துக்கொண்டு, மூலச் சரக்கின் விலையையே வாங்கினேன்.

பத்தொன்பதாம் நாள் பெரியவர் மீண்டும் வந்தார். துண்டில் முடிந்து கொண்டுவந்த இரண்டு பேரிங்குகளையும் மேசைமேல் வைத்தார். நீலம் பாரித்து, குண்டுகள் சிதைந்திருந்தன. தண்டு நகர்ந்து இம்பெல்லர்கள் உறையில் உரசிப் பம்பே பழுதாகியிருந்தது. கொடியில் காய் நிற்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. ஆனால் அவர் என்னைக் குறை கூற வரவில்லை.

“பாய், மாட்டுனதுல தப்பு இருக்கும்போல. மாட்டுன பையன் புதுசு. நீங்களே பாத்துச் சொல்லுங்க. அவன்தான்னா கூலிய நிறுத்திட்டு, வேற ஆளப் பாக்கணும்” என்றார்.

தப்பிக்கும் வழி தானாகத் திறந்துகொண்டது. ‘ஆமாம், திசை மாறிவிட்டது’ என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

வளையங்களைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சிதைவின் நடுவிலும் குண்டுகள் ஓடிய தடம் தெரிந்தது. உயர்ந்த தோளை ஒட்டியே ஓடியிருந்தது. தாழ்ந்த தோளின் விளிம்பில் காயமே இல்லை. அந்தப் பையன் தோள் பார்த்துச் சரியாகவே மாட்டியிருந்தான். அவனுடைய நேர்மைக்குச் சாட்சி என் உள்ளங்கையில் இருந்தது. நானோ, “நாளைக்குச் சொல்றேங்கய்யா” என்று அனுப்பிவிட்டேன்.

அவர் போனபின் ஓர் அரத்தை எடுத்தேன். எரிந்த பேரிங்கில் சோதிப்பது முறையன்று. கடுஞ்சூடு நல்ல எஃகையும் மென்மையாக்கிவிடும். அலமாரியில் மிச்சமிருந்த புதுச் சரக்கில் ஒன்றின் ஓரத்தில் தேய்த்தேன். முறையாகப் பதமிட்ட குரோமிய எஃகில் அரம் வழுக்கிச் செல்லும். இதில் கடித்தது, பொடி உதிர்ந்தது. இனி ‘தெரியாதே’ என்னும் சாக்கும் இல்லை.

அன்று இஷா முடிந்து உத்தமபாளையத்தில் அத்தாவிடம் நடந்ததைக் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நாமெல்லாம் பல பயான்களில் கேட்ட நிகழ்ச்சியைத்தான் நினைவூட்டினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி.

“அந்த வியாபாரி மழையக் கொண்டுவரலப்பா. ஈரத்த அடியில வச்சதுதான் அவரு செஞ்சது. நீயும் அதத்தான் செஞ்சிருக்கே” என்றார் அத்தா.

பொருளில் உள்ள ஐபை, அதாவது குறையை, வாங்குபவரிடம் சொல்லிவிடுவது விற்பவர்மீது கடமை. மறைத்து விற்றால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நம் ஃபிக்ஹ் நூல்களில் இது தெளிவாக உள்ளது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி ஒருமுறை ஒரு துணியின் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டறிய இயலாததால் இமாம் அவர்கள் அந்தத் தொகையைத் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம். எனக்கோ வாங்கியவர் யார் என்று தெரியும். தர்மம் செய்து தப்பிக்கவும் இடமில்லை. அடியார்களின் ஹக்கை, உரியவரிடம் சேர்க்காமல் தொழுகை விரிப்பில் மட்டும் தீர்த்துவிட முடியாது.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். அந்தப் பையனையும் அழைத்துவரச் சொல்லி, இருவர் முன்னிலையிலும் கூறினேன்: பேரிங் போலி, ஐயத்தோடுதான் விற்றேன், இவர் மாட்டியதில் பிழையில்லை. விற்ற தொகை, பம்பு பழுதுபார்க்கும் செலவு, புதிய மூலப் பேரிங்குகள் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டேன். காய்ந்த கொடிகளுக்கு ஈடாக அவர் சொன்ன தொகையையும் மூன்று தவணைகளில் கொடுத்தேன்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “சொன்னது சரி பாய். ஆனா விக்கிறப்பவே சொல்லியிருக்கணும்” என்றார். அதன்பின் அவர் என் கடைக்கு வரவேயில்லை. அது அவருடைய உரிமை. மன்னிப்பை நாம் கேட்கலாம். பழைய நம்பிக்கையைத் திருப்பித் தரும்படி யாரையும் கேட்க முடியாது. அந்தப் பையன் இன்று பள்ளத்தாக்கில் பெயர் பெற்ற ஃபிட்டர். பேரிங் வாங்க என்னிடம்தான் வருகிறான்; ஒவ்வொரு முறையும் நகத்தால் எழுத்தைத் தடவிப் பார்த்த பின்பே பணம் தருகிறான். அதைக் காணும்போது எனக்கு வெட்கமும் நிம்மதியும் சேர்ந்தே வரும்.

மிச்சச் சரக்கைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்தால் அது இன்னொரு தோட்டத்துக்குத்தான் போகும். எனவே வெல்டிங் பட்டறையில் கொடுத்து எல்லாவற்றையும் வெட்டிப் பழைய இரும்பாக்கினேன். அதற்குமுன் அச்சரக்கில் முகம் தெரியாதவர்களுக்கு விற்றவற்றின் தொகையைக் கணக்கிட்டு ஏழைகளுக்குக் கொடுத்தேன்.

தொழிலில் உள்ள சகோதரர்களுக்குச் சில சொற்கள். அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். விலை காரணமின்றிக் குறைந்தால் ஐயம் கொள்ளுங்கள். முன்னணி நிறுவனங்கள் பெட்டியின் குறியீட்டைச் சரிபார்க்கக் கைப்பேசிச் செயலிகளைத் தந்துள்ளன, பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் நகத்துக்குத் தெரிந்ததை நாவு மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவையில் குறை செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதும்போது, தராசே இல்லாத என் கடைக்கு அது பொருந்தாது என்று ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். இன்று அப்படி எண்ண முடியவில்லை.

வாங்குவதிலும் விற்பதிலும் உண்மையை மறைக்காதவர்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.