ஒற்றைத் தோட்டாவின் வசீகரம்

வேட்டைத் துப்பாக்கிகளுள் என் மனத்தை முற்றிலும் ஆட்கொண்டது, அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்து ஆக்டன் நகரில் ஜான் பிரௌனிங் என்ற இளைஞர் தம் தந்தையின் பட்டறையில் உருவாக்கி, 1879-இல் காப்புரிமை பெற்று, பின்னர் வின்செஸ்டர் நிறுவனத்தார் விலைக்கு வாங்கி 1885 முதல் விற்பனை செய்த ஒற்றைத் தோட்டா ரைபிளேயாகும். அதன் நெம்புகோலைத் தாழ்த்தியதும், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டை கீழே இறங்கி வழிவிட, வேட்டைக்காரர் தம் விரல்களாலேயே ஒரு தோட்டாவை உள்ளே செலுத்தி நெம்புகோலை உயர்த்தியதும், அக்கட்டை மீண்டும் எழுந்து வாயை இறுக மூடிக்கொள்ளும் அந்த எளிமையில் ஓர் அபூர்வ சௌந்தரியம் இருக்கிறது. தோட்டாக்களை அடுக்கும் அறையும், அவற்றைத் தள்ளிச் செல்லும் நீண்ட பொறியும் இல்லாமையால், குழல் குறுகாமலே ஆயுதம் முழுவதும் குறுகிக் கைக்கு அடக்கமாகிவிடுகிறது.

பல தோட்டா ரைபிள்கள் எங்கும் பரவிவிட்ட 1960களில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பார்க்கர்ஸன் 1872-இல் காப்புரிமை பெற்ற, இதுபோலவே கட்டை கீழிறங்கும் முறையைத் தழுவி, துப்பாக்கித் தயாரிப்பாளர் பில் ரூகர் புதியதோர் ஒற்றைத் தோட்டா ரைபிளைக் கொண்டுவந்தது துணிவான காரியம் என்பேன்.

ஆயினும் என்னைக் கவர்வது யந்திர நுட்பம் மாத்திரமன்று. அடுத்த தோட்டா சித்தமாக இல்லை என்று அறிந்தவர், காற்றின் திசையறிந்து மானை நெருங்கவும், நிச்சயமில்லாத தருணத்தில் விசையைத் தொடாமல் திரும்பவும் கற்றுக்கொள்கிறார். அவசரத்தில் சுட்டு, ஒரு ஜீவனைக் காயத்தோடு காட்டில் ஓடவிடும் கொடுமை அவரிடம் அரிதாகிறது. இந்த நிதானம் இல்லாத வேட்டையை என்னால் ஏற்க முடியாது. சீறிவரும் மிருகத்தின்முன் ஒற்றைத் தோட்டா போதாது என்பாரின் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர் செலூஸ் தம் வேட்டைகளுக்குப் பார்க்கர்ஸன் ரைபிளை நம்பி ஏந்தினார்.