கிழப் பசுவுக்குக் காப்புறுதி

சென்ற ஆண்டு காஜாங்கிலிருந்து தமிழகம் போயிருந்தபோது, சேலத்துக்கருகே அத்தை வீட்டில் ஒரே கவலை. அவர் பிழைப்பு ஒரு கறவைப் பசுவை நம்பித்தான். அதற்கோ 11 வயது. காப்புறுதி எடுக்கலாமென்று கால்நடை மருத்துவரிடம் போனோம்.

“கறவைப் பசுவுக்குப் பொதுவாக 2 முதல் 10 வயது வரைதானம்மா. அதிலும் காதில் வில்லை இருக்கவேண்டும், வில்லை இல்லையென்றால் இழப்பீடும் இல்லை” என்றார். அத்தையின் முகம் வாடிவிட்டது.

“முன்பே எடுத்திருக்கலாமே, அத்தை?”

“துள்ளித் திரிந்த மாடு, சாகுமென்று யார் நினைத்தது?”

இப்போது காப்புறுதிப் பணம் கட்டுவதாக நினைத்து, பால் காசில் கொஞ்சம் வாரந்தோறும் உண்டியலில் போட்டு வருகிறார். அடுத்த கன்றுக்கு அதுதான் முதல்.

அன்பர்களே, மாடானாலும் மனிதரானாலும் காப்புறுதிக்கு வயது வரம்பு உண்டு. தெம்பிருக்கும்போதே கேட்டு வைப்போம்.