ஐந்தாவது ரக்அத்

அன்று அஸர் தொழுகையில் வாப்பா ஐந்தாவது ரக்அத்துக்கு எழுந்துவிட்டார். பின்னால் நின்ற நான் "சுப்ஹானல்லாஹ்" என்றேன். அவர் உட்காரவில்லை.

பல்லேகம கடைத்தெருவில் நாற்பது வருடம் சில்லறைக் கடை வைத்திருந்தவர். கொப்பி பார்க்காமலே கடன் கணக்குச் சொல்வார். 2018இல் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் பழைய ஊர் போனது. புதிய நகரத்துக்கு வந்தோம். பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ்.

சில வாரங்களாகத் தலையிடி, நடையில் தள்ளாட்டம், பகலிலும் தூக்கம். ஒரு நாள் சுபஹுக்குப் பின் சாவிக்கொத்தோடு, "கடை திறக்கணும்" என்று வெளிக்கிட்டார்.

"ஊரை இழந்த ஏக்கம்" என்றார் உம்மா. மச்சான் டயலிசிஸ் களைப்பு என்றார். நான் வயது என்றேன். ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்ததால், வைத்தியரிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாப்பா இடது காலை இழுத்து நடப்பதைக் கண்டு, வைத்தியரை அழைத்தவர் டயலிசிஸ் பிரிவுத் தாதிதான். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையை மூடியிருக்கும் தடித்த சவ்வுக்குக் கீழே, பல நாட்களாகக் கசிந்த இரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது.

"தலையில் அடிபட்டதா?" என்று வைத்தியர் கேட்டார். ஒரு மாதத்துக்கு முன் குளியலறைக் கதவு நிலையில் இலேசாக இடித்துக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் அதை ஓர் அடியாகவே எடுக்கவில்லை.

வைத்தியர் விளக்கினார். சிறுநீரகம் கெட்டால் இரத்தத் தட்டுகள் சரியாக வேலை செய்வதில்லை. இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் வேறு கொடுக்கிறார்கள். வயதில் மூளை சுருங்க, அதற்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியே போதும். அதனால் டயலிசிஸ் நோயாளிகளுக்கு இக்கசிவு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம்.

மண்டையோட்டில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்தார்கள். அடுத்த டயலிசிஸ்கள் ஹெப்பாரின் இல்லாமலே நடந்தன.

மூன்றாம் நாள் வாப்பா கண் திறந்து கேட்டார்: "மகன், நம்மட கடை தண்ணிக்குள்ளதானே?"

"ஓம் வாப்பா" என்றேன். அந்த இழப்பை அவர் மறுபடியும் அறிந்துகொண்டதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் டயலிசிஸ் செய்பவர் இருந்தால், அவருடைய புதிய மறதியை வயதின் மீதோ கவலையின் மீதோ போட்டுவிடாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த ஐந்தாவது ரக்அத்தே போதுமான அடையாளமாக இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.