கம்பியும் பேரேடும்

2012 கோடையில், கோயம்புத்தூரில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பதினெட்டுப் பேர் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மொட்டை வெயில் இறங்கும் மாடியில் கூடினோம். எல்லோரும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவர்கள். டேட்டாபேஸுக்குள் எக்ஸ்எம்எல்லை வைக்கலாமா, கூடாதா என்பது அன்றைய பேச்சு. கிளம்பும்போது மனைவி கேட்டாள், "இதுக்கெல்லாம் கூட ஒரு கூட்டமா?" நியாயமான கேள்விதான்.

பேச வந்தவர் முப்பது ஸ்லைடுகளோடு வந்திருந்தார். நாலாவது ஸ்லைடில் கரண்ட் போனது. மின்வெட்டுக்குப் பழகிப்போன அந்த வருஷத்துக் கோவையில் அதற்கு யாரும் "அய்யோ" என்றுகூடச் சொன்னதில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நாற்காலிகளை வெள்ளைப் பலகைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டோம். மிச்சம் இருபத்தாறு ஸ்லைடும் ஓடியிருந்தால் எனக்கு இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

டேட்டாபேஸ் டேபிள் என்பது கட்டம் போட்ட பேரேடு. நெடுவரிசைக்கு ஒரு பெயர், கட்டத்துக்கு ஒரு மதிப்பு. (பேச்சில் நாங்கள் 'காலம்' என்போம், எழுதினால் அது வேறு காலமாகிவிடுகிறது.) 1998இல் தரநிலையாக்கப்பட்ட எக்ஸ்எம்எல்லோ பெயர் எழுதிய உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் இன்னொன்று. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வரும் ஆர்டருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஓர் ஆர்டருக்குள் நாலு ஸ்டைல், ஸ்டைலுக்குள் ஆறு கலர், கலருக்குள் எஸ், எம், எல், எக்ஸ்எல், ஒவ்வொன்றுக்கும் இத்தனை பீஸ்.

நான் அந்தக் கம்பெனிகளுக்குத்தான் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் 2005 பதிப்பு வந்தபோது எக்ஸ்எம்எல்லுக்கென்றே ஒரு தனி வகை வந்தது. ஒரே கட்டத்தில் 2 ஜிபி வரை திணிக்கலாம். நாலு டேபிள் வடிவமைக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு நெடுவரிசை போட்டு, வந்த ஆர்டரை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மெர்ச்சண்டைசர் கூப்பிட்டார். "அண்ணா, எல்லா ஆர்டரும் சேத்தி கருப்பு எல் சைஸ் எத்தனை பீஸ் பாக்கின்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க." கொடுத்தேன். புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களுக்கு எதிரே மட்டும் பூஜ்யம். ஒரு வாரம் அந்தப் பூஜ்யத்தை எல்லோரும் நம்பினார்கள், நான் உட்பட. அந்த வாடிக்கையாளரின் எக்ஸ்எம்எல்லில் மேல் உறையிலேயே ஒரு நேம்ஸ்பேஸ் எழுதியிருந்தது. இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "முருகன் இருக்காருங்களா?" என்று கேட்கிறீர்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் "கே. முருகன்". ஆகவே "அப்படி யாரும் இல்லை" என்று அமைதியாகப் பதில் வருகிறது. பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. டேபிளில் இல்லாத நெடுவரிசையைக் கேட்டால் டேட்டாபேஸ் கத்தும். எக்ஸ்எம்எல்லுக்குள் இல்லாததைக் கேட்டால் வெறுங்கையை நீட்டும். கத்துகிறவனை நம்பலாம் என்பது அன்றிலிருந்து என் கட்சி.

அன்று கூட்டத்தில் நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்கும் அந்தப் பூஜ்யம் தெரியும். ஒரு பெண் சொன்னார்: "நான் எக்ஸ்எம்எல்லை எதுக்குங்க யூஸ் பண்றேன்னா, பத்து வரியை கமா போட்டு ஒரே வரியா சேக்கறதுக்கு." பாதி அறை கை தூக்கியது. அந்தக் குறுக்குவழி எல்லோருக்கும் மனப்பாடம். வாடிக்கையாளர் பெயரில் '&' இருந்தால் மட்டும் அதன் வாலில் 'ஏ, எம், பி, அரைப்புள்ளி' என்று ஒட்டிக்கொண்டு இன்வாய்ஸில் அச்சாகிவிடும். வரிகளைச் சேர்ப்பதற்கென்றே ஒரு ஃபங்ஷன் எஸ்க்யூஎல் சர்வரில் 2017 பதிப்பில்தான் வந்தது. அதுவரை உறையும் இல்லாத, உள்ளே கடிதமும் இல்லாத எக்ஸ்எம்எல்லை லட்சம் தடவை எழுதியிருப்போம்.

பின்வரிசையிலிருந்து வயதில் மூத்த ஒருவர் எழுந்து பலகைக்கு வந்தார். வேகம் வேண்டுமென்றால் எக்ஸ்எம்எல் இண்டெக்ஸ் போடலாம், ஆனால் அது என்ன செய்கிறது தெரியுமா என்று கேட்டு, ஒரு மரம் வரைந்தார். பக்கத்தில் கட்டம் போட்டார். மரத்தின் ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொரு வரியாக அதற்குள் எழுதினார். டேட்டாபேஸ் செய்வதும் அதேதான். உள்ளே, நம் கண்ணில் படாமல், எக்ஸ்எம்எல்லைப் பிரித்து ஒரு டேபிள் எழுதிக்கொள்கிறது. பல சமயம் மூலத்தைவிட அதிக இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. "நீங்க எழுத மாட்டேன்னு விட்ட டேபிளை அது எழுதுது. அவ்வளவுதான் தம்பி" என்றார்.

எனக்கு அப்பாவின் மளிகைக்கடை ஞாபகம் வந்தது. கல்லாவுக்கு மேலே ஒரு கம்பி தொங்கும். மண்டியிலிருந்து வரும் பில்களை எல்லாம் அதில் குத்திவிடுவார். ராத்திரி கடை சாத்தியபின் பேரேட்டில் ஏற்றுவார். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் கம்பிப் பக்கம் திரும்பவே மாட்டார், பேரேட்டைப் புரட்டுவார். மண்டிக்காரர் வந்து "நான் அப்படிப் போடலையே" என்று இழுத்தால் பேரேட்டைத் தொடமாட்டார், கம்பியை இறக்குவார். நான் இரண்டு வருஷமாகக் கம்பியில் பாக்கி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கம்பியா பேரேடா என்ற இந்த வழக்கைத் தொடக்கி வைத்தவர்கள்கூட இரண்டு பக்கமும் இருந்தவர்கள்தான். எக்ஸ்எம்எல்லின் பாட்டன் ஜிஎம்எல், 1969இல் ஐபிஎம்மில் பிறந்தது. கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவரின் முதலெழுத்தும் அந்தப் பெயரிலேயே உண்டு. அடுத்த வருஷம் அதே ஐபிஎம்மின் காட் என்பவர், எல்லாத் தரவும் டேபிள்தான் என்ற தன் கட்டுரையை வெளியிட்டார். அதைச் செய்துகாட்டிய சிஸ்டம் ஆர் குழுவில் பிறகு அதே லோரி. டேபிள்களைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான சேம்பர்லின், எக்ஸ்எம்எல்லைக் கேள்வி கேட்கும் எக்ஸ்கொயரி மொழியையும் வடிவமைத்தவர்களில் ஒருவர். 2007இல் அது தரநிலையானது. கட்சி மாறினார்கள் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடை வைத்திருந்தால் கம்பியும் மாட்டியிருப்பார்கள், பேரேடும் எழுதியிருப்பார்கள்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. திரையில் நாலாவது ஸ்லைடு அப்படியே நின்றது. பேச வந்தவர் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார். எல்லோருமாகக் கீழே பேக்கரிக்கு இறங்கினோம். தேங்காய் பன்னைப் பிய்த்தபடி ஒரு பையன், "எக்ஸ்எம்எல் முடிஞ்சுதுங்கண்ணா, இனி எல்லாம் ஜேசன்தான்" என்றான். ஜேசனும் உறைக்குள் உறைதான், எழுதும் விதம் மட்டும் வேறு. மூத்தவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

திங்கட்கிழமை உட்கார்ந்து, ஆர்டர் வந்து விழும்போதே பீஸ் கணக்கைப் பிரித்து டேபிளில் ஏற்ற எழுதினேன். வந்த எக்ஸ்எம்எல்லை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தேன். அந்தச் செப்டம்பரில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 9.2 பதிப்பு வந்தது, ஜேசனுக்கென்று ஒரு தனி வகையோடு. அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு தேட வேண்டியிருக்கவில்லை.