பார்க்கலாம், தொடக்கூடாது

எங்கள் அறையில் இருக்கும் கணினி எங்கள் மூவரில் எவருக்கும் சொந்தமானதல்ல. ரொறன்ரோ போய்ச் சேர்ந்த நண்பர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. பாரிசின் புறநகரான லா கூர்நெவ்வில் இந்த அறைக்கு எங்களுக்கு முன் வாடகை கட்டியவர் அவர்தான். போகும்போது ஒரு சோற்றுப் பானை, இரண்டு கம்பளி, இந்த மடிக்கணினி, பழைய ஸ்கானர் ஒன்று, இவ்வளவையும் எங்களிடம் ஒப்படைத்தார். கணினியில் வின்டோஸ் இல்லை. டெபியன் என்னும் லினக்ஸ் இருந்தது. "காசு கேட்காது, பழைய மெசினிலும் ஓடும், இடைக்கிடை கோவிக்கும்" என்றார். மூன்றும் உண்மை. மூன்றாவது கொஞ்சம் கூடுதலான உண்மை.

லினக்ஸ் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அற்பம். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவனாக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. பின்லாந்தில் சுவீடிஷ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்தவர் அவர் என்று அறிந்தபோது எங்களுக்குக் காரணமில்லாத ஒரு சந்தோசம். டெபியனை 1993இல் தொடக்கிய இயன் மேர்டொக்கும் அப்போது பல்கலைக்கழக மாணவர். எங்களில் ஒருவர் கம்பஸில் இரண்டாம் வருடத்தோடு விட்டு வந்தவர். மாணவர்கள் செய்த காரியங்கள் பற்றிய கதை வந்தால் அவர் எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைப்பார்.

மூன்று பேருக்கும் மூன்று தனிக் கணக்குகள், மூன்று கடவுச்சொற்கள். ஒரே அறையில், ஒரே சட்டியில் சாப்பிடுகிற எங்களுக்கு இது ஏன் என்று வந்துபோகிறவர்கள் கேட்பதுண்டு. காகிதங்கள்தான் காரணம். ஒவ்வொருவருடைய வழக்கும் வேறு. எவர் எதை எழுதிக் கொடுத்தார், எதை எழுதாமல் விட்டார் என்பது மற்றவருக்குத் தெரியத் தேவையில்லை. தெரியாதிருப்பது நட்புக்கும் நல்லது.

டெபியனின் 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி வெளிவந்தது. அதற்கு முந்திய 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. எங்களிடம் இருந்தது அதுதான். ஒரு விடுமுறை நாளில் புதியதற்கு ஏற்றினோம். அரைநாள் எடுத்தது. திரை எரிந்தது, இன்ரநெற் வந்தது, ஊருக்கு முகம் பார்த்துக் கதைக்க முடிந்தது. வேறு எதையும் நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. ஸ்கானரின் தேவை அடிக்கடி வருவதில்லை.

தேவை வந்தது தம்பிக்கு. எங்களில் இளையவர் அவர். நிராகரிப்புக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து மேன்முறையீட்டுக்கு இங்கே ஒரு மாதம். அந்த மாதத்தில் பாதி, ஊரிலிருந்து பத்திரங்கள் வந்து சேருவதிலேயே போய்விட்டது. தகப்பனின் மரணச் சான்றிதழ், விதானையாரின் கடிதம், ஆசுபத்திரித் துண்டு, இவற்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, எல்லாமாக நாற்பத்துச் சொச்சம் பக்கங்கள். முதலில் போனில் படம் பிடித்து அனுப்பினார். சட்டத்தரணி திருப்பிவிட்டார்: முத்திரைகள் தெளிவில்லை, பக்கங்கள் சரிந்திருக்கின்றன, திங்கள் மத்தியானத்துக்குள் ஒழுங்காகப் பிரதி எடுத்து அனுப்பவும். ஊர்க் கந்தோர்களின் அந்த வெளிறிய ஊதா றப்பர் முத்திரையைப் போன் வெள்ளையாக்கிவிடுகிறது. ஸ்கானருக்கு அது தெரியும்.

லாச்சப்பலில் ஸ்கான் செய்து தருகிற கடைகள் இருக்கின்றன. ஆனால் தம்பி மாட்டேன் என்றுவிட்டார். கடையில் நிற்பவர் பக்கத்து ஊர்க்காரர், நல்ல மனிசன், அதுதான் சிக்கல். பக்கத்தைக் கண்ணாடியில் வைக்கும்போது நல்ல மனிசருக்கும் கண் போகும். அந்த ஆசுபத்திரித் துண்டில் எழுதியிருப்பதைத் தம்பி எங்களுக்கே வாசிக்கத் தரவில்லை.

ஆகவே ஞாயிறு இரவு, குசினி கழுவி மூடியபின், ஏழாம் இலக்க மெத்ரோவில் வந்திறங்கி ஸ்கானரைச் செருகினோம். விளக்கு எரிந்தது. ஸ்கான் செய்கிற மென்பொருளோ கருவி எதுவும் இல்லை என்றது.

இங்கேதான் விசயம் சுவையாகிறது. யுஎஸ்பியில் என்னென்ன செருகியிருக்கின்றன என்று பட்டியல் தருகிற கட்டளை ஒன்று உண்டு, எல்எஸ்யுஎஸ்பி. அதில் ஸ்கானர் தெளிவாக நின்றது. ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தன் பெயரோடு இரண்டு எண்களைச் சொல்லும், ஒன்று தயாரித்த கம்பனிக்குரியது, மற்றது அந்தப் பொருளுக்குரியது. இரண்டும் சரியாக இருந்தன. ஆனால் ஸ்கானர்களைத் தேடும் கட்டளை வெறுங்கையோடு திரும்பியது. அதே கட்டளையை சுடோ என்ற சொல்லை முன்னால் போட்டு, அதாவது ரூட் என்கிற பெரியவரின் பெயரால் ஏவியபோது, உடனே கண்டுபிடித்தது. கருவி பழுதில்லை, வயர் பழுதில்லை, அதை ஓட்டும் மென்பொருளும் பழுதில்லை. எங்களுக்குத்தான் அனுமதி இல்லை. யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதலில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி இரவு மிச்சம்.

(ஸ்கானர்களுக்கான அந்த மென்பொருள் தொகுதியின் பெயர் சேன். விரித்தால், ஸ்கானரை அணுகுவது இப்போது சுலபம் என்று பொருள் வரும். பெயர் வைத்தவர் வாழ்க.)

யுனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களில் கருவியும் ஒரு கோப்புத்தான். டெவ் என்ற அடைவுக்குள் ஸ்கானருக்கும் ஒரு கோப்பு இருக்கும். கோப்பு என்றால் அதற்கு உடையவர் ஒருவர், ஒரு குழு, மிச்சம் உலகத்தார் என்று மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு இலக்கம். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் ஸ்கானரின் கோப்பில் 664 என்று இருந்தது. உடையவர் ரூட், குழுவும் ரூட். அவர்களுக்கு 6, வாசிக்கலாம், எழுதலாம். உலகத்தாருக்கு 4, வாசிக்க மட்டும். ஸ்கானருக்கு "வெளிச்சத்தைப் போடு, நகரு" என்று சொல்வதென்றால் அந்தக் கோப்பில் எழுத வேண்டும். எங்களுக்கு அது இல்லை. பட்டியலில் காணலாம், பெயரைப் படிக்கலாம், வேலை வாங்க முடியாது. தம்பி இதைக் கேட்டுவிட்டு, "உது எங்கட விசா மாதிரி எல்லோ" என்றார். அவருக்கு விசாவும் இல்லை என்பதை நாங்கள் நினைவூட்டவில்லை.

குறுக்கு வழிகள் சில உண்டு, அன்றிரவு எல்லாவற்றையும் கதைத்தோம். சுடோ போட்டே எடுத்துவிடலாம் என்பது முதலாவது. எடுக்கலாம். ஆனால் வருகிற படங்களெல்லாம் ரூட்டின் சொத்தாகப் பிறக்கும். பிறகு அவற்றின் உரிமையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதோடு சுடோ உரிமை உள்ளது மூத்தவரின் கணக்குக்கு மட்டும். தன் தகப்பனின் மரணச் சான்றிதழைப் பிரதி எடுக்கத் தம்பி இன்னொருவரின் கடவுச்சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும், அந்த இன்னொருவர் பக்கத்தில் இருந்து பார்க்கவும் வேண்டும். இதற்குக் கடைக்கே போயிருக்கலாம்.

இரண்டாவது, கோப்பின் இலக்கத்தைக் கையால் மாற்றுவது. அது நிற்காது. வயரைப் பிடுங்கிச் செருகினால் கருவிக்குப் புது எண் விழும், புதுக் கோப்பு பிறக்கும், பழைய 664 திரும்ப வரும்.

மூன்றாவது, எல்லாருக்கும் திறந்துவிடும்படி நிரந்தரமாக ஒரு விதி, 666. மூத்தவர் இதற்குத்தான் நின்றார். "என்னடாப்பா, ஒரு ஸ்கானர்தானே, ஆர் வந்து கொண்டுபோகப் போறான்?" என்பது அவருடைய நியாயம். மோசமான நியாயம் என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்கானரை 666 ஆக்கினால் வானம் இடிந்து விழாது. தம்பி இணங்கவில்லை. அவர் படலையைப் பற்றிக் கதைத்தார். படலை திறந்து கிடந்தால் எல்லாரும் வரலாம் என்பதல்ல பொருள், வந்தவன் யார் என்று கேட்க முடியாது என்பதே பொருள் என்றார். இருபத்தாறு வயதுப் பெடியனுக்கு இப்படிக் கதைக்க வருகிறதென்றால் அவனுடைய படலையில் யார் யார் வந்திருப்பார்கள் என்று நாங்கள் யோசித்தோம். மூத்தவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

குழுவில் சேர்ப்பது நாலாவது வழி. டெபியனில் ஸ்கானர் என்ற பெயரிலேயே ஒரு குழு உண்டு. ஆனால் நாங்கள் அதில் சேர்ந்தும் பயனில்லை, ஏனென்றால் எங்கள் கருவியின் கோப்பு அந்தக் குழுவிடம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். குழுவில் சேர்த்தவுடன் உரிமை வராது. கணக்கிலிருந்து வெளியேறித் திரும்ப உள்ளே வரவேண்டும். பலபேர் சேர்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று தலையில் கை வைப்பது இங்கேதான்.

அப்படியானால் பதிப்பு 12இல் எப்படி வேலை செய்தது? ரொறன்ரோவுக்கு வட்ஸ்அப்பில் கேட்டோம். எங்களுக்கு நடுச்சாமம், அவருக்குப் பின்னேரம் ஆறு மணி, வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார். குரல்செய்தி வந்தது: "மச்சான், அந்த ஸ்கானர் லிஸ்டிலை இல்லை. நான்தான் ரூல்ஸ் பைலிலை கடைசியிலை ஒரு வரி எழுதிவிட்டனான். யுஎஸ்ஆர் லிப்புக்குள்ளை பார்."

விளங்கிவிட்டது. கருவி செருகப்படும்போது அதற்கு யார் உடையவர், யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிப்பது யூடெவ். 2003இல் தொடங்கி, 2012இல் சிஸ்டெம்டி என்னும் பெரிய குடும்பத்துக்குள் கலந்துவிட்டது. அதன் விதிகள் இரண்டு இடங்களில் கிடக்கின்றன. யுஎஸ்ஆர் லிப் என்பதன் கீழ் இருப்பவை தொகுப்புகளோடு வந்தவை. ஈடிசி என்பதன் கீழ் இருப்பவை வீட்டுக்காரர் எழுதியவை. பதிப்பை ஏற்றும்போது, ஈடிசியில் உள்ள அமைப்புக் கோப்பு ஒன்றில் நீங்கள் கைவைத்திருந்தால், புதியதைப் போடவா பழையதை வைக்கவா என்று டெபியன் கேட்கும். நீங்களாக அங்கே உருவாக்கிய கோப்பைத் தொடவே மாட்டாது. யுஎஸ்ஆரில் அந்த மரியாதை இல்லை. அது தொகுப்பின் வளவு. புதியது வரும்போது பழையது அப்படியே போகும், அதில் எவர் என்ன எழுதியிருந்தாலும். நண்பரின் வரியும் அப்படித்தான் போயிற்று. டெபியனைக் குறை சொல்ல இடமில்லை. தன் வளவைத் தான் கூட்டியது.

எனவே ஈடிசிக்குள், யூடெவ், அதற்குள் விதிகளுக்கான அடைவு, அங்கே எங்கள் கையால் ஒரு புதுக் கோப்பு. ஒரே ஒரு வரி. யுஎஸ்பி கருவியாக இருந்தால், கம்பனி எண் இதுவாக இருந்தால், பொருள் எண் இதுவாக இருந்தால், யுஅக்செஸ் என்ற அடையாளத்தை ஒட்டு. கேட்பதற்கு இரண்டு சமன் குறிகள், ஒட்டுவதற்கு ஒரு கூட்டலும் ஒரு சமனும். கேட்கிற இடத்தில் ஒரு சமன் குறியை விட்டால் வரி கேள்வியாக இராது.

இந்த யுஅக்செஸ் என்பதில்தான் எங்கள் வாக்குவாதம் முடிந்தது. அது எந்தக் குழுவுக்கும் நிரந்தரமாக ஒன்றும் கொடுப்பதில்லை. இப்போது திரைக்கு முன்னால் எவருடைய அமர்வு நடக்கிறதோ அவருக்கு மட்டும் உரிமையைக் கொடுக்கிறது. அவர் எழும்பி மற்றவரின் கணக்கு முன்னுக்கு வந்தால், இவரிடமிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்கிறது. தூரத்திலிருந்து வலைவழியே நுழைந்தவருக்கு இல்லை. கதிரையில் இருப்பவருக்கே கருவி. தம்பிக்கு இது பிடித்துக்கொண்டது.

ஒரு கண்ணி மட்டும் உண்டு. விதிக் கோப்புகள் எந்த அடைவில் இருந்தாலும் பெயரின் வரிசைப்படியே வாசிக்கப்படும், அதனால்தான் பெயர்கள் எண்ணோடு தொடங்குகின்றன. கடைசியில் நிற்கட்டும் என்று பலர் 99 போடுவார்கள். ஆனால் யுஅக்செஸ் அடையாளத்தைப் பார்த்து உரிமை வழங்குகிற கோப்பு 73இல் இருக்கிறது. 99இல் ஒட்டினால் கந்தோர் மூடியபின் விண்ணப்பம் கொடுத்த மாதிரி. நாங்கள் 65 போட்டோம்.

பிறகு விதிகளைத் திரும்ப வாசிக்கும்படி யூடெவ்வுக்கு ஒரு கட்டளை, வயரைக் கழற்றி ஒருதரம் செருகல். கோப்பின் உரிமை வரியின் கடைசியில் முன்பு இல்லாத ஒரு சின்னக் கூட்டல் குறி வந்திருந்தது. மேலதிக உரிமை ஒன்று உண்டு என்பதற்கு அதுவே அடையாளம். அதை விரித்துப் பார்த்தபோது தம்பியின் கணக்கின் பெயர் இருந்தது.

மூத்தவரும் மற்றவரும் படுத்துவிட்டோம். சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த இயந்திரம் எழுப்புகிற முனகலை எண்ணிக்கொண்டு கிடந்ததில், இருபதுக்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. ஒரு இடத்தில் நீண்ட நேரம் சத்தமில்லை. ஸ்கானர் நின்றுவிட்டதோ என்று மூத்தவர் எழும்பப் பார்த்தார். பிறகு அது திரும்பவும் முனகியது.

திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சட்டத்தரணிக்கு எல்லாம் போய்விட்டது. முத்திரைகள் தெரிகின்றன என்று பதில் வந்தது. விதி வரியைத் தம்பி ஒரு துண்டில் எழுதி ஸ்கானரின் அடியில் ஒட்டியிருக்கிறார், எங்களுக்குப் பிறகு இந்த அறைக்கு வருகிறவருக்காக. வழக்குக்கு இன்னும் தவணை போடவில்லை.