கிள்ளானில் ஒரு நாள்

கோலாலம்பூரைவிடக் கிள்ளான் மூத்த ஊர். ஆயினும் தலைநகரில் வாழும் நம்மவர் பழைமையைக் காண விரும்பினால் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் செல்வர். கிள்ளானுக்குச் செல்வதோ தெங்கு கிளானா சாலையில் தீபாவளித் துணி எடுப்பதற்காக. அவ்வூரை வரலாற்றுக் கண்கொண்டு ஒரு நாள் முழுவதும் சுற்றிப் பார்ப்பதென்று சென்ற பள்ளி விடுமுறையில் முடிவு செய்தோம். நானும் என் மனைவியும், பேரனும் பேத்தியும், 87 வயதான என் தாயாரும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து புறப்பட்டோம்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே ஒரு வரலாறு. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்த பின், நகரைச் செங்கல்லால் எழுப்பும் முயற்சி தொடங்கியது. அதற்கென அமைந்த சூளைகளே இப்பகுதிக்குப் பெயர் தந்தன. பின்னர் இரயில்வேத் தொழிலாளர் இங்குக் குடியேறினர். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை சென்ற இருப்புப்பாதை, 1890இல் ஆற்றின்மேல் பாலம் அமைந்ததும் கிள்ளானை அடைந்தது. நாங்கள் ஏறிய மின்சார வண்டி அப்பழைய பாதையின் வாரிசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே சென்றேன்.

முதலில் ராஜா அப்துல்லாவின் கிடங்கைக் கண்டோம். அது 1857இல் எழுந்த கட்டடம். அதே ஆண்டில்தான் அவர் 87 சீனத் தொழிலாளரை ஈயம் தேட ஆற்றின் வழியே அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் காட்டுக் காய்ச்சல் அவர்களைச் சூறையாடியது. எஞ்சியோர் 18 பேர். அவர்கள் தொடங்கிய பணியே அம்பாங் சுரங்கமாகவும், பின்னர்க் கோலாலம்பூராகவும் வளர்ந்தது. அடுத்து, சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகத்தைப் பார்த்தோம். 1909ஆம் ஆண்டின் அக்கட்டடத்தை வரைந்தவர் ஹப்பக். கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையத்தை வரைந்தவரும் அவரே. பேரன் ஒவ்வொரு பலகையையும் படித்து ஆண்டுகளைக் குறித்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் பேத்தி கேட்டாள்: "பெரிய பாட்டி, நீங்கள் கப்பலில் வந்து இறங்கிய இடம் எது?"

"அது இங்கே இல்லை, கண்ணு. இரயில் முடிகிற இடம்" என்றார் என் தாயார்.

எங்கள் திட்டத்தில் துறைமுகம் இல்லை. எனினும் பிள்ளைகளின் ஆவலைத் தடுக்க மனமின்றி மீண்டும் வண்டி ஏறினோம். 1901இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். கிள்ளான் துறைமுகம் என்ற இன்றைய பெயர் 1972இல் வந்தது. அன்றைய துறையின் அடையாளமாக அம்மா காட்டக்கூடியது எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கொள்கலன்களும் பாரந்தூக்கிகளுமே தெரிந்தன. கேத்தாம் தீவுக்குப் படகேறும் துறையருகே நின்று, நீரைப் பார்த்தபடி அவர் பேசத் தொடங்கினார்.

என் பாட்டனார் 1938இல் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலாயாவுக்கு வந்தவர். அவ்வாண்டிலேயே தோட்டத் தொழிலாளர் இங்கு அனுப்பப்படுவதை இந்திய அரசு நிறுத்தியது. பின்னர்ப் போர் வந்து கடல்வழியை அடைத்தது. 1950இல், பன்னிரண்டு வயதில், அம்மா தம் தாயுடன் 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கினார்.

"கரையில் நின்றவர்களில் அப்பா யாரென்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா மூட்டைகளோடு லாரியில் ஏறினாள். அவரோ என்னைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். தோட்டத்துச் சாலையில் எதிரே துரையின் கார் வந்தது. அப்பா சட்டென்று இறங்கக் காலைத் தூக்கினார். பிறகு இறங்காமலே மிதித்தார். அவர் முதுகு நடுங்கியதை என் கையால் உணர்ந்தேன்."

அந்த நடுக்கத்தின் காரணத்தைப் பாட்டனார் பின்னர் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றைக் கேட்டனர். அவற்றோடு, துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். மே மாதத்தில் அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் பாட்டனாரின் கால் அச்சத்தை மறக்கவில்லை. ஆனால் மகள் பின்னால் அமர்ந்திருந்த அன்று அவர் இறங்கவில்லை.

"இதை ஏன் அம்மா இத்தனை காலமாகச் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் சொல்லுகிற கதையா?" என்றார் அவர்.

அந்த விடைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. கட்டடம் எழுப்பியவரின் பெயரைக் கட்டடமே காத்துக்கொள்கிறது. கட்டடம் எதுவும் விட்டுச் செல்லாத எளிய மக்களின் வாழ்வு, பெரிதும் அவர்தம் வாய்ச்சொல்லில் தங்கியிருக்கிறது. அவர்களோ அதனை வரலாறென்று எண்ணுவதில்லை. கேட்பவர் ஒருவர் இருந்து, 'இது எழுதத் தக்கது' என்று கூறினாலன்றி, அச்சொல் அவர்களோடே மறைந்துவிடும்.

நம் பள்ளிகளில் 'நான் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரையை எழுதாத மாணவர் இல்லை. விடியலில் எழுந்ததும் பேருந்தில் ஏறியதும் அதில் தவறாமல் இடம்பெறும். ஆசிரியப் பெருமக்கள் அத்தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. வீட்டு முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள் என்றும், அவர் சொல்லும் ஆண்டையும் கப்பலின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறித்து வாருங்கள் என்றும் மாணவரிடம் சொன்னாலே போதும்.

என் பேரனும் விடுமுறைக் கட்டுரை எழுதினான். 1857ஆம் ஆண்டுக் கிடங்கை ஒரு பத்தியிலும், 1950ஆம் ஆண்டுச் சைக்கிளை அடுத்த பத்தியிலும் வைத்திருந்தான். அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சைக்கிள் ராலே சைக்கிள் என்று எழுது. அப்பா அதைக் கடனுக்கு வாங்கியிருந்தார்; அதையும் சேர்த்துக்கொள்" என்றார்.