நூலும் சேலையும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தக அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பேர்ல் பக் எழுதிய ஒரு சிறு நூல் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கைக்கு வந்தது. 1950-இல் வெளியான 'தி சைல்ட் ஹூ நெவர் க்ரூ'. வளரவே வளராத குழந்தை. நின்றபடியே புரட்டத் தொடங்கினேன். அலமாரி அன்று அப்படியே கிடந்தது.

'தி குட் எர்த்' நாவலை வாசித்தவர்களுக்கு வாங் லுங்கின் மூத்த மகளை மறந்திருக்க இயலாது. பேச்சு வராதவள், வெயிலில் அமர்ந்து ஒரு துணித்துண்டைத் திருகியபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பவள். அவள் கற்பனையிலிருந்து மட்டும் வந்தவள் அல்லள். பேர்ல் பக்கின் மகள் கேரல் 1920-இல் சீனாவில் பிறந்தாள். பார்ப்பவர்கள் வியக்கும் அழகுடைய குழந்தை. பேச வேண்டிய வயதில் பேச்சு வரவில்லை. தாய் மருத்துவர் மருத்துவராக அலைந்தாள். இறுதியில் 1929-இல், அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலுள்ள வைன்லாண்ட் என்னும் ஊரில், இத்தகைய குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் மகளை விட்டுவிட்டுத் திரும்பினாள். அங்கே மகளைப் பேணுவதற்குப் பணம் தேவைப்பட்டது. அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் 1931-இல் அந்த நாவல் வந்தது. 1938-இல் நோபல் பரிசும் வந்தது. கேரல் மட்டும் வளரவில்லை.

இந்நூலை நான் முதன்முறை வாசித்தபோது நினைவுக்கு வந்தவள் என் சித்தி. சித்தப்பாவின் குடும்பமும் நாங்களும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் அது. சித்தியின் மகனை நாங்கள் எல்லோரும் தம்பி என்றே அழைப்போம். எட்டு வயதிலும் அவனுக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. திண்ணைத் தூணைச் சுற்றிச் சுற்றி வருவான். அழுதால் சித்தியைத் தவிர வேறு யாராலும் அடக்க முடியாது. என் பாட்டியிடம் அவனுக்கென இரண்டு பழமொழிகள் இருந்தன. விருந்தினர் வந்தால், "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்பாள். அவன் எதையாவது உடைத்துவிட்டால், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, வளர்த்த லட்சணம்" என்பாள். முதலாவது பிறவியைப் பழிக்கிறது. இரண்டாவது வளர்ப்பைப் பழிக்கிறது. ஒன்று மெய்யானால் மற்றதற்கு வலு குறைய வேண்டும். ஆனால் பாட்டியின் வாயில் இரண்டும் ஒருசேர மெய்யாயின. இரண்டும் போய் விழுந்த இடம் சித்தியின் தலை. சித்தி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டே இருப்பாள்.

பாட்டியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இயற்கை, வளர்ப்பு என்ற இரு சொற்களையும் அறிவுலகில் எதிரெதிராக நிறுத்திப் புகழ்பெறச் செய்தவர், டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன். பிறவிதான் பெரிது என்று அவர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பின் நிழலில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-இல் 'தகுதியற்றோர்' எனக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டமே இயற்றியது. மறுபக்கம் உளவியலாளர் ஜான் வாட்சன், நலமான குழந்தைகளைத் தன் விருப்பப்படி வளர்க்க விட்டால் அவர்களில் எவரையும் மருத்துவராகவோ திருடராகவோ ஆக்கிக் காட்டுவதாக 1920-களில் அறைகூவினார். அவர்களும் பாட்டியின் திண்ணையில்தான் அமர்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு பழமொழியுடன்.

கேரலின் கதைக்கு விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. நார்வேயில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருக்குமே மனவளர்ச்சி இல்லை. அவர்களின் சிறுநீரில் ஏதோ ஒரு விநோத வாடை வீசுவதை அவள் கவனித்தாள். மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை, அவள் விடவில்லை. 1934-இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தச் சிறுநீரைச் சோதித்தார். ஃபெரிக் குளோரைடு சேர்த்ததும் அது பச்சை நிறமாயிற்று. அந்த நிறத்தின் காரணத்தைத் தேடிச் சென்றபோது ஒரு புதிய நோய் அடையாளம் காணப்பட்டது. ஃபினைல்கீட்டோனூரியா என்று பின்னர் பெயர் பெற்றது. கேரலுக்கும் அதுவே என்பது அவள் வளர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது.

இந்நோய் பரம்பரையாக வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால், புரத உணவிலுள்ள ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதி குழந்தையின் உடலில் சரிவர இயங்காது. அமிலம் இரத்தத்தில் தேங்கி மூளையைச் சிதைக்கும். பிறக்கும்போது குழந்தை நலமாகவே இருக்கும். அதன்பின் ஊட்டப்படும் உணவே, தாய்ப்பால் உட்பட, அளவு மீறினால் நஞ்சாகும். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவர் அந்த அமிலம் மிகக் குறைந்த ஓர் உணவைத் தயாரித்துப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அவள் தவழ்ந்தாள், நின்றாள். அங்கும், என் குழந்தைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று விடாமல் நச்சரித்தவள் தாய்தான். 1960-களில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். பிறந்த சில நாட்களிலேயே நோய் தெரிந்துவிடும். அன்றே உணவை மாற்றிக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்தால் அந்தக் குழந்தை மற்றவர்களைப் போல் படிக்கும், வேலைக்குப் போகும்.

ஒரே மரபணுப் பழுது. 1920-இல் பிறந்தவளுக்கு அது ஆயுள் முழுவதற்குமான விதியாயிற்று; ஐம்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் பிறந்தவளுக்கு ஓர் உணவுக் கட்டுப்பாடாயிற்று. அப்படியானால் கேரலைக் கெடுத்தது பிறவியா, ஊட்டமா? இரு கை தட்டி எழும் ஓசையில் வலக்கையின் பங்கு எத்தனை விழுக்காடு என்று கேட்பதைப் போன்றதே இக்கேள்வி. பிறவிக் குணம் என்பதாலேயே அது மாற்றமுடியாததும் அன்று. மாற்ற முடிந்தது என்பதாலேயே அது வளர்ப்பின் குற்றமும் அன்று. இவ்வளவு எளிய உண்மை என் மனத்தில் படிய எனக்கு அரை ஆயுள் ஆயிற்று.

படிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வராதிருந்தபோது, ஓர் இரவு மனைவியிடம், "நீ அவளோடு பேசுவதே இல்லை, பின் எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டேன். அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். "உங்க பாட்டி எப்படிப் பேசுவாங்கன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். இன்னிக்கு நேர்லயே கேட்டுட்டேன்" என்றாள். மகள் மூன்று வயதுக்குப் பிறகு பேசத் தொடங்கி, இன்று நிறுத்துவதேயில்லை. நான் சொன்ன வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை. அந்தக் குரல் எனக்கு இரத்தத்தில் வந்ததா, திண்ணையில் கேட்டு வந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். எப்படி வந்திருந்தாலும் அடக்க வேண்டியவன் நான்தான்.

தம்பிக்கு இருந்தது இதே நோய் என்று சொல்ல வரவில்லை. அவனை யாரும் எதற்கும் சோதித்ததில்லை. இருபது வயதைத் தாண்டாமல் போய்விட்டான். ஆனால் இத்தகைய நோய்களில் பழுதின் பாதி தந்தை வழியாக வருவது; தந்தைக்கோ அவரைப் பெற்றவர்களுள் ஒருவர் வழியாக வந்திருக்கலாம். சேலையில் பாட்டியின் நூலும் ஓடியிருக்கக்கூடும். இதைப் பாட்டியிடம் சொல்ல அவள் இல்லை.

சித்தி இருக்கிறாள். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது நார்வேயின் அந்தத் தாயைப் பற்றி அவளிடம் விரிவாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தம்மா சொன்னதை அந்த டாக்டராவது காது குடுத்துக் கேட்டாரா?"

கேட்டார் என்றேன்.